மண்டையம்மா கேட்ட கேள்வி

அந்தச் சிறைச்சாலையில் அவளுக்கு 'மண்டையம்மா' என்று பெயர். வைத்தவன் எவன் என்று தெரியாது. இந்நேரம் விடுதலையாகிப் போயிருப்பான். பதினோரு வருடமாக அவள் அங்கே மருந்தகத்தில் நர்ஸ். முதல் எட்டு வருடம் எல்லோரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதன் பிறகுதான் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வருகிறவன் ஒருவனையும் விடாமல் கேட்க ஆரம்பித்தாள்: "எப்பவாவது தலையில அடிபட்டு நினைவு தப்பியிருக்கா?" பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. முதன்முறை காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. "மண்டைக்கனம்னு வைக்காம விட்டாங்களே," என்று சொல்லிவிட்டுக் கட்டுத்துணி வெட்டப் போனாள்.

மருந்தகம் என்பது நீளமான ஓர் அறை. இரண்டு இரும்புக் கட்டில், எடை பார்க்கும் மிஷின், பூட்டுப் போட்ட மருந்து அலமாரி, ஜன்னலோரம் ஒரு மேஜை. காலை எட்டு மணிக்குக் கம்பிக் கதவுக்கு வெளியே வரிசை நிற்கும். சொறி, பல்வலி, வயிற்றுவலி, வேலைக்குப் போகப் பிடிக்காத வலி. எது எந்த வலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மாத்திரை கொடுத்தால் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள்; நாக்கின் அடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு விற்கிற கெட்டிக்காரர்கள் அங்கே உண்டு. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம்.

புதிதாக வருகிறவர்களுக்கு உயரமும் எடையும் பார்த்து, அங்க அடையாளங்களைப் பெரிய பதிவேடு ஒன்றில் எழுத வேண்டும். மச்சம், தழும்பு, கோணல் விரல், எல்லாம். தப்பி ஓடினால் பிடிப்பதற்கு. எட்டு வருடமாக எழுதிய கைக்கு ஒரு நாள்தான் தான் என்ன எழுதுகிறோம் என்று உறைத்தது. அன்றைக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் நாலு பேருக்கு 'தலையில் பழைய தழும்பு' என்று ஒரே வரியை அடுத்தடுத்து எழுதியிருந்தாள். பழைய பக்கங்களைப் புரட்டினாள். அங்கேயும் அதே வரி. ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எண்ணினாள். இருநூற்றுப் பத்துப் பேரில் எண்பத்தெட்டுப் பேருக்கு மண்டையிலோ நெற்றியிலோ தழும்பு.

வெளியே தெருவில் போகிற இருநூறு பேரை நிறுத்தி முடியை விலக்கிப் பார்த்தால் இத்தனை இருக்குமா? அவள் கணவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டாள்.

"எங்க ஷெட்டுல இருபது டிரைவர் இருக்கோம். நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றார்.

மறுநாள் வந்து சொன்னார்: "மூணு பேர். நாலாவது ஆளுக்கு இருக்கான்னு தெரியல. என் தலைய எதுக்குடா தடவுறேன்னு அடிக்க வந்துட்டான்."

தழும்பு இருப்பதாலேயே மூளையில் காயம் என்று ஆகிவிடாது. நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியும். ஆனாலும் அந்த எண்பத்தெட்டு அவள் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் பெயிண்டர் என்று எல்லோரும் கூப்பிடும் கைதி ஒருவன் கால் புண்ணோடு மருந்தகத்துக்கு வந்தான்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர் வர்ணம் அடித்தவன். கூட வேலை பார்த்தவனோடு வாய்ச்சண்டை முற்றி, கையிலிருந்த, பழைய வர்ணம் சுரண்டும் தகட்டை வீசிவிட்டான். அந்த மனிதனுக்கு இடது கண் போனது. ஐந்து வருடத் தண்டனையில் மூன்று வருடம் கழிந்திருந்தது. உள்ளே அவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். "தரையைத் துடைச்சிட்டு, வாளியைக் கழுவி வச்சிட்டு, வரிசையில வந்து நில்லு" என்றால் தரையை மட்டும் துடைத்துவிட்டு நடுக்கூடத்தில் நிற்பான். ஏன் என்று அதட்டினால் வாய்க்கு வந்ததைப் பேசுவான். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவரைப் பார்த்து, "உங்க தொப்பி உங்களுக்குப் பெருசா இருக்கு," என்று சொன்னவன் அவன். நாலு முறை தனியறையில் அடைத்தார்கள். நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழியும் நாட்களில் தொண்ணூறு நாளையும் வெட்டிவிட்டார்கள்.

அவன் கட்டிலில் உட்காரப் போகும்போது, தரை துடைக்க வந்தவன் கை தவறி பினாயில் கேன் கவிழ்ந்தது. தண்ணீர் கலக்காத பினாயில். அறையே மூக்கைப் பிடித்துக்கொண்டது. கதவருகே நின்ற தலைமைக் காவலர் இருமிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பெயிண்டர் மட்டும் அங்கேயே நின்றான். வெறுங்காலை நனைத்ததைக் குனிந்து பார்த்து, "தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டான்.

அவள் அவனை ஜன்னலோரம் கூட்டிப் போனாள். கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினாள்.

"இது என்ன வாசனை?"

"எதுங்க?"

சோப்பை நீட்டினாள். பல்வலிக்கு வைத்திருந்த கிராம்பு எண்ணெயை நீட்டினாள். அவன் கண்ணை மூடியபடி எதற்கோ காத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா இப்படி?"

"சாரத்துலேருந்து விழுந்ததுலேருந்துங்க. எட்டு வருஷம் இருக்கும். சாப்பாட்டுல உப்பு தெரியும், காரம் தெரியும். மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்."

"விழுந்தப்போ நினைவு இருந்துச்சா?"

"மூணு நாள் கழிச்சுத்தான் கண்ணைத் தொறந்தேன்னு அக்கா சொன்னாங்க."

"இதைக் கோர்ட்டுல சொன்னீங்களா? இங்க வந்தப்ப டாக்டர்கிட்ட?"

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "யாரும் கேக்கலீங்களே."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருடத்துக்கு முன் அவனை எடை பார்த்து, 'வலது காதுக்கு மேல் நாலு அங்குலத் தழும்பு' என்று எழுதியது அவளுடைய கைதான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் வேலை பார்க்கிறவர். நாற்காலியில் உட்காரும்போதே பெருமூச்சு விடுவார். அவள் சொன்னதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார்.

"மண்டையோட்டுக்குள்ள, கண்ணுக்கு மேல இருக்கிற எலும்பு வழவழப்பா இருக்காதும்மா. தேங்காத் துருவி மாதிரி சொரசொரன்னு இருக்கும். உயரத்துலேருந்து விழுந்து தலை சட்டுனு நிக்கும்போது உள்ள மூளை நிக்காது. போய் அந்தச் சொரசொரப்புல உரசும். வாசனையைக் கொண்டுபோற நரம்பு மெல்லிசு நூலாட்டம் அங்கதான் போகுது. அது அறுந்துடும்."

"அந்த இடத்துல வேற என்ன இருக்கு டாக்டர்?"

"வாய் வரைக்கும் வந்த வார்த்தையை முழுங்கறது, ஓங்கின கையை இறக்கறது, ஒரு வேலை முடிஞ்சதும் அடுத்தது என்னன்னு பிடிச்சுக்கறது, இதுக்கெல்லாம் அந்த முன்பக்கம் வேணும். வண்டிக்கு பிரேக் மாதிரின்னு வச்சுக்கோ."

"அப்ப இவர் திமிர்ல பண்ணல."

"அவசரப்படாத. ஸ்கேன் எடுத்தா காயம் இருக்கான்னு தெரியும். அப்பவும் அன்னிக்கு அவன் ஏன் அடிச்சான்னு ஸ்கேன் சொல்லாது. எத்தனையோ பேர் இப்படி அடிபட்டு, ஒரு ஈயைக் கூட அடிக்காம வாழ்ந்துட்டுப் போறாங்க."

அதை அவள் அப்படியே மனதில் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். தனியாக ஒரு நோட்டுப் போட்டாள். விஷயம் பரவியதும் பழைய கைதிகளும் வந்தார்கள். ஒரு பிக்பாக்கெட் ஆசாமி தலையைப் பிடித்துக்கொண்டு வந்து, தன் மேல் மின்விசிறி கழன்று விழுந்தது என்றான். எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, எழுந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அவள் வரிசையாகக் கேட்டாள்.

"மின்விசிறி விழுந்தப்ப சுத்திக்கிட்டு இருந்துச்சா, நின்னுட்டிருந்துச்சா?"

அவன் யோசித்தான். "அப்ப கரண்ட் இல்லீங்க."

"கரண்ட் இல்லாத வீட்டுல மின்விசிறி உங்களை மட்டும் தேடி வந்து விழுந்திருக்கு. போய் வேலையப் பாருங்க," என்றாள். வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

ஸ்கேன் எடுக்க அனுமதி வேண்டும். அதற்குக் கடிதம் எழுத வேண்டும். அவள் வீட்டில் கணவரும் நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனாருக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. புருஷன் வீட்டில் ஐந்து வருடம் அடி வாங்கிவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். வாய் துடுக்கு. அந்த வாய் அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகுதான் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடிதத்தின் கைப்பிரதியைப் படித்துவிட்டு நாத்தனார் தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? நாளைக்கு எங்க வீட்டுக்காரரையும் மிஷின்ல படுக்க வச்சு, பாவம், மூளைதான் காரணம்னு சொல்லிடுவீங்களா?"

அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை அப்படிச் சமாளிப்பது தப்பு என்று பட்டது. "தெரியல," என்று மட்டும் சொன்னாள். கடிதம் டைப் ஆகாமல் மேஜை மேலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாத்தனாரே வந்தாள்.

"யோசிச்சுப் பார்த்தேன் அண்ணி. அந்த ஆள் ஆபீஸ்ல மேனேஜர் எவ்ளோ திட்டினாலும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தின பிறகுதான் கை நீளும். பிரேக் எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு அந்த ஆளுக்கு நல்லாத் தெரியும். உங்க பெயிண்டர் அந்தத் தொப்பி விஷயத்தை அதிகாரி மூஞ்சிக்கு நேராவா சொன்னான்?"

"நேராத்தான். சுத்தி பத்து பேர் இருக்கும்போது."

"அப்ப கொடுங்க, அடிச்சுத் தர்றேன்."

முதல் கடிதத்துக்குக் காவலுக்கு ஆள் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு வண்டி இல்லை. மூன்றாவதுக்கு, இது அவசர சிகிச்சை அல்ல. கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை; எழுநூறு பேரை வைத்து மேய்க்கிறவர். "இங்க இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணம் இருக்கு நர்ஸம்மா. காரணத்துக்கெல்லாம் வண்டி அனுப்பினா, வாசல்ல யார் நிக்கிறது?" என்றார்.

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. வண்டிப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும் கண், பல் பார்க்கப் போகிற கைதிகளை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி போகிறது. எட்டுப் பேர் உட்காரலாம். இரண்டு மாதத்தில் ஒரு புதன்கிழமை கூட ஆறு பேருக்கு மேல் போகவில்லை. நாலாவது கடிதத்தில் அதைத் தேதிவாரியாக எழுதினாள். கொடுத்துவிட்டு மேஜை முன்னாலேயே நின்றாள்.

கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?"

"அலுக்குதுங்க. அதனாலதான் சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கறேன்."

கையெழுத்து விழுந்தது.

புதன்கிழமை அவளும் கூடப் போனாள். காவலுக்கு வந்தது தலைமைக் காவலர். பெயிண்டரை நாலில் மூன்று முறை தனியறைக்கு அனுப்பச் சொல்லி எழுதியவர் அவர்தான். ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே, "ரெண்டாவது ரூமுக்குப் போய் இந்தச் சீட்டைக் கொடுத்து, நம்பர் வாங்கிக்கிட்டு, திரும்பி வந்து இங்க உக்காருங்க," என்றாள். பெயிண்டர் இரண்டாவது அறை வாசல் வரை போனான். சீட்டு கையில் இருந்தது. அங்கேயே நின்றான். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

தலைமைக் காவலர் அதட்ட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அங்கே அவன் திமிரைக் காட்டுவதற்கு யாரும் இல்லை. வீம்பு பிடித்து அவனுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவன் முகத்தில் வியர்வை. வழி தெரியாத இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டவனைப் போல இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமைக் காவலர் பக்கத்தில் போய் நின்றார். "சீட்டைக் கொடு," என்றார். அவன் கொடுத்தான். கொஞ்சம் பொறுத்து, "நம்பரை வாங்கு," என்றார். வாங்கினான். "வா, உக்காரலாம்."

உட்கார்ந்த பிறகு அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "மூணு வருஷமா நான் கத்திக்கிட்டே இருந்திருக்கேன் சிஸ்டர்."

இரண்டு கண்களுக்கும் மேலே, மூளையின் முன்பக்க அடிப்பகுதியில் பழைய காயம் என்று ஸ்கேன் அறிக்கை சொன்னது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

அன்றிலிருந்து பெயிண்டருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்தான். துடை. முடிந்ததா, வாளியைக் கழுவு. முடிந்ததா, வரிசைக்குப் போ. கோபம் வந்தால் இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு பத்தடி நடக்க வேண்டும். அதுவும் மறந்துபோகும் என்பதால் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னாள். அவனே எழுதினான். முன்பு பெயர்ப்பலகையும் எழுதிய கை. எழுத்து அச்சில் வார்த்ததுபோல இருந்தது. முதல் மாதம் இரண்டு முறை தவறினான். அதன்பின் ஐந்து மாதம் ஒரு புகார் இல்லை.

தண்டனைகளைத் திரும்பிப் பார்க்கும் குழு வருடத்துக்கு இரண்டு முறை கூடும். வெட்டிய தொண்ணூறு நாளைத் திருப்பித் தர வேண்டும் என்று அவள் மனுப் போட வைத்தாள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சேதி போகும் என்பது விதி. கண் போனவரின் மனைவி வந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை பார்க்கிறவள். நாற்காலியின் நுனியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அறிக்கையைப் படித்து முடித்ததும் அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்.

"இவர் எங்கேயோ விழுந்து மண்டையில அடிபட்டாரு. அதுக்கு எங்க வீட்டுக்காரர் கண்ணு போகணுமா? இப்ப மூளை, மூளைங்கறீங்க. அவருக்கு ஒத்தைக் கண்ணால ஊசியில நூல் கோக்க முடியல, ரோடு தாண்ட முடியல. அதை எந்த மிஷின்ல படம் எடுப்பீங்க?"

நர்ஸ் எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் உங்க வீட்டுக்காரருக்குச் செஞ்சதைக் குறைச்சுப் பேச நான் வரலம்மா. அந்தத் தண்டனையில ஒரு நாள் கூடக் குறைக்கச் சொல்லல. உள்ள வந்த பிறகு, சொன்னது மண்டையில நிக்காத ஒருத்தரை, கேட்கமாட்டேங்கிறான்னு தண்டிச்சிருக்கோம். நடக்க முடியாதவனை ஏன் ஓடலைன்னு அடிச்ச மாதிரி. அது நாங்க செஞ்ச தப்பு. அதை மட்டும் சரி பண்ணச் சொல்றேன்."

குழுவில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் குறுக்கிட்டார். "நீங்க சொல்றதைப் பார்த்தா இன்னும் பயமாத்தான் இருக்கு. பிரேக் இல்லாத வண்டியைச் சீக்கிரம் ரோட்டுல விடச் சொல்றீங்க."

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். எந்த அறிக்கை அவனுக்குக் கை கொடுக்கிறதோ, அதே அறிக்கை அவன் கழுத்தையும் பிடிக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

"பிரேக் இல்லாத வண்டி இல்லீங்க. பிரேக் கம்மியான வண்டி. எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அப்படி வண்டி கைக்கு வந்தா மெதுவா ஓட்டணும், தூரத்துலேயே காலை வைக்கணும்பாரு. அதைத்தான் இவருக்குப் பழக்கறோம். அஞ்சு மாசமா ஒரு புகார் இல்ல. தலைமைக் காவலரைக் கேளுங்க. இனிமே இவர் யாரையும் அடிக்கவே மாட்டாருன்னு என்னால சொல்ல முடியாது. நம்மள்ல யாரைப் பத்தியும் அப்படிச் சொல்ல முடியாது."

தலைமைக் காவலர் முன்னால் வந்து தன் நாட்குறிப்பைத் திறந்து வைத்தார்.

அப்போது பெயிண்டர், யாரும் கேட்காமலே, அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டான்: "அவனுக்கு இன்னொரு கண்ணு நல்லா இருக்கா?"

இதுவரை பேசியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று நர்ஸ் நினைத்தாள். அந்தப் பெண் அவனையே பார்த்தாள். அவன் நையாண்டி செய்யவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தான்.

"இருக்கு," என்றாள் அவள். பிறகு குழுவின் பக்கம் திரும்பினாள். "என்னால மன்னிக்க முடியாதுங்க. வெளிய வந்தா எங்க தெருப் பக்கம் காலடி வைக்கக் கூடாது. அதை எழுதிக்கோங்க. மத்தது உங்க பாடு."

எழுதிக்கொண்டார்கள். தொண்ணூறு நாளும் திரும்பக் கிடைத்தது. அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எஞ்சிய தண்டனையை முடித்து, மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவன் வெளியே போனான். மச்சானின் பட்டறையில் ஜன்னல் கிராதிகளுக்கு வர்ணம் அடிக்கிறான் என்று தலைமைக் காவலர் சொன்னார். சாரம் ஏறுகிற வேலை கிடையாது. ஒருமுறை வர்ண டப்பாவைச் சுவரில் அடித்து உடைத்தானாம். ஆள் மேல் எறியவில்லை.

அடுத்த ஆறு மாதமும் அவள் கடிதம் எழுதினாள். உள்ளே வருகிற ஒவ்வொருவரின் படிவத்திலும் அந்தக் கேள்வி அச்சாக வேண்டும். தான் இல்லாத நாளிலும், தான் ஓய்வுபெற்ற பிறகும், யாராவது கேட்டே ஆக வேண்டும். நாத்தனாருக்குக் கடிதம் மனப்பாடமே ஆகிவிட்டது. "தேதியை மட்டும் சொல்லுங்க அண்ணி, மிச்சத்தை விரலே அடிச்சுக்கும்," என்பாள். ஒரு வழியாக உத்தரவு வந்தது. புதிய படிவங்கள் எட்டுக் கட்டு வந்து இறங்கின. அவள் கட்டைப் பிரித்தாள். பன்னிரண்டாவது கேள்வி: 'எப்போதாவது தலையில் இடி பட்டு நினைவு தப்பியதுண்டா?'

தலைமைக் காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜெயிலுக்கு வர்றவன் தலையில இடி விழாமயா இருக்கும்? எல்லாரும் ஆமான்னுதான் எழுதுவான்," என்றார்.

திருப்பி அனுப்பினால் திரும்பி வர இன்னொரு வருடம் ஆகும். அனுமதி வாங்கி, கட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து அவளும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு 'இ'யையும் அடித்து 'அ' ஆக்கினார்கள். நூறு தாள் ஆனதும் கணவர் மூவருக்கும் காப்பி கொண்டு வந்து வைத்தார்.

இருநூறாவது தாள் வாக்கில் நாத்தனார் பேனாவை நிறுத்தினாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"ஊரெல்லாம் கேக்கறீங்க. என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லையே அண்ணி."

அவள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். நாலு வருடத்துக்கு மேலாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. எண்பத்தெட்டுத் தழும்பை எண்ணத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, மருந்தகத்தில் கேட்பது போலவே நிதானமாகக் கேட்டாள்.

"எப்பவாவது தலையில அடிபட்டு நினைவு தப்பியிருக்கா?"

"ரெண்டு தடவை," என்றாள் நாத்தனார். "ஒரு தடவை கதவு நிலையில. இன்னொரு தடவை எதுலன்னு தெரியல. எழுந்தப்ப வெயில் சாஞ்சிருந்துச்சு. அதுலேருந்து வாரத்துல ரெண்டு நாளாவது தலைவலி. சாயங்காலம் ஆனா திரையில எழுத்தெல்லாம் நகரும். கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நினைச்சேன். அடிச்சவங்களுக்கு மட்டும்தான் ஸ்கேனோன்னும் நினைச்சேன்."

கணவர் சமையலறை வாசலில் நின்றபடி அதைக் கேட்டார். தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, மீதித் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் முதல் வேலையாக அலுவலகத்துக்குப் போய் விடுப்பு விண்ணப்பத்தை நீட்டினாள். பதினோரு வருடத்தில் அவள் முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. குமாஸ்தா காரணத்தைப் படித்தார்: 'குடும்பத்தில் ஒருவருக்குத் தலைக்காயம்.'

"அடடா. எப்ப அடிபட்டுச்சு சிஸ்டர்?"

"ஏழு வருஷம் முன்னாடி."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஏழு வருஷம் பொறுத்தது, இந்த வாரம் ஆய்வு முடியற வரைக்கும் பொறுக்காதா?"

"பொறுக்காதுங்க," என்றாள் அவள். அவர் பேனாவை எடுக்கும்வரை மேஜை முன்னாலேயே நின்றாள். வெளியே வாசலில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாத்தனார் காத்திருந்தாள்.